தம் காலுக்கே வெளிச்சம் காட்டுபவர்

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி மதியக் காட்சியின்போது, வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத என் கணவரைக் குடிகாரர் என்று திரையரங்க மேலாளர் எழுத்தில் பழித்தார். இது என் குற்றச்சாட்டு. அவர் கொடுத்த குறிப்பாணையின் அசல் என்னிடம் இருக்கிறது.

இருட்டில் வருபவர்களுக்கு இருக்கை காட்டுவது என் கணவரின் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செய்கிறார். டார்ச்சை வருபவர் பாதையில் அடிக்காமல், தம் செருப்பின் மேலேயே அடித்துக்கொண்டு நடப்பார்.

"யோவ், உன் காலைப் பாக்கவா டிக்கெட் எடுத்தேன்?"

"பாருங்க சார், இதுக்குத் தனிக் கட்டணம் கிடையாது" என்பார்.

அவர் பாதங்களில் உணர்ச்சி இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார், அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். கிருமி கட்டுக்குள் இருக்கிறது. நரம்பைக் கெடுத்தது கிருமியா, தொடக்க காலத்து மாத்திரைகளா என்று மருத்துவர் பிரித்துச் சொல்லவில்லை. நூலகத்தில் நான் படித்த நான்கு புத்தகங்களும் சொல்லவில்லை. தரை எங்கே இருக்கிறது என்பதைக் கண்தான் அவருக்குச் சொல்கிறது. சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சுவரில் தோளைச் சாய்த்துக்கொள்வார். ஒருநாள் செருப்பொன்று கழன்றதே தெரியாமல் வீடு வந்து சேர்ந்தார். "இன்னொன்னு லீவு போட்டிருக்கு" என்றார்.

அன்று டார்ச்சில் பேட்டரி தீர்ந்தது. படியில் தள்ளாடி, ஒருவர் மடியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னய்யா, மதியமே ஏத்திக்கிட்டியா?" என்ற மேலாளர், அதையே குறிப்பாணையாகவும் எழுதிக் கையில் கொடுத்தார்.

மருத்துவச் சான்றிதழைக் காட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் அதில் நோயின் பெயரும் இருக்கிறது. "குடிகாரன்னா நாலு நாள் சிரிப்பாங்க. இதைச் சொன்னா டம்ளரைத் தனியா வச்சிடுவாங்கம்மா" என்று சொல்லி, அவர் காட்டவில்லை.

மேலாளர் இரக்கப்பட்டு, தாமே ஒரு மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்து தந்தார். கையெழுத்திட்டால் வேலை நிலைக்கும், இல்லையேல் போகும். என் கணவர் சம்மதித்துவிட்டார். கடிதத்தோடு வீட்டுக்கு வந்தவருக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது.

"ஏம்மா, எந்தச் சரக்குன்னு கேட்டா என்ன சொல்றது?"

"எனக்கென்னங்க தெரியும்? மறந்துட்டேன்னு சொல்லுங்க. குடிச்சவங்க மறக்கிறதுதானே."

பேனாவைத் திறந்தவர் கடைசி வரியில் நின்றார். 'இனி ஒருபோதும் தள்ளாட மாட்டேன் என உறுதியளிக்கிறேன்' என்றிருந்தது.

"குடிச்சேன்னு பொய் சொல்லிடலாம். இதுக்கு எப்படிம்மா வாக்குக் குடுக்கிறது?"

மறுப்புக் கடிதத்தை நான் எழுதினேன். நோயின் பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் வெற்றிடமாக விட்டேன். அதை நிரப்புவதும் விடுவதும் அவர் உரிமை. நின்றபடியே நெடுநேரம் படித்தார். பிறகு, மேசையைப் பற்றியிருந்த இடக்கையை எடுத்துத் தாளை அழுத்திக்கொண்டு, அந்த மூன்றெழுத்தை ஒவ்வொன்றாக எழுதினார். எழுதியவர் பேனாவை மூடாமல், என் கடைசி வரியைத் தேடி, அதன் கீழே அழுத்தமாக ஒரு கோடு இழுத்தார்: 'பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் அளிக்க வேண்டும்.'