ஊசி நுழைந்த துளை

பெட்ரோலின் ருசி முதலில் நாக்கு நுனியில் குளிரும், அடுத்த நொடி சுடும், அதன் பின்னால் பித்தளையின் துவர்ப்பு மெல்ல ஏறிக்கொண்டு வந்து, எத்தனை முறை வாய் கொப்பளித்தாலும் சோற்றில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும்போது அந்த ருசி இல்லாமல் ஒரு வாரம் கழிந்ததில்லை. அப்பாவின் காருக்கு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரில் ஓயாத தொல்லை. அதன் 'ஜெட்'டைக் கழற்றி, உதட்டில் வைத்து ஊதி அடைப்பு எடுப்பது என் வேலை.

ஜெட் என்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு பித்தளைத் திருகு. அதன் நடுவில் மயிரிழை போன்ற ஒரு துளை உண்டு, எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் முழுவதும் அந்தத் துளை வழியாகத்தான் போயாக வேண்டும். எங்கள் கார் ஒரு எஸ்டேட் முதலாளி ஓட்டித் தேய்த்து, பிறகு தன் டிரைவரான அப்பாவுக்கே விற்றுவிட்டுப் போன கிழட்டு வண்டி. டேங்க்கில் உதிரும் துரு அந்தத் துளையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது, ஏற்றம் வந்தால் வண்டி இருமி, குலுங்கி, மூச்சு வாங்கி நின்றுவிடும். அப்பா அதை 'இழுப்பு' என்பார். சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் நாகலூரில் வாடகைக்கு இருந்தது அந்த ஒரே கார்தான், அதனால் பிரசவமானாலும் கல்யாணமானாலும் அதன் இழுப்பைப் பொறுத்துக்கொண்டுதான் ஜனங்கள் ஏறினார்கள்.

"ஊதோணும் சாமி, ஊசி கீசி வுட்டறக் கூடாது. மேல காத்து கம்மி, அதுக்குத் தக்கனதான் பெட்ரோலும் போவோணும். ஓட்ட துளி பெருசாச்சுன்னாலும் வண்டி குடிச்சே செத்துப்போவும்" என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். இன்னொன்றும் சொல்வார்: "எறங்கறதுக்கு கார்புரேட்டரே வேண்டாம் கண்ணு, பிரேக் இருந்தாப் போதும்."

நாகலூரைத் தாண்டிக் காட்டுக்குள் இருந்த ஒரு சிற்றூரில் சடையன் மாமாவும் அவர் மனைவி வெள்ளச்சி அத்தையும் இருந்தார்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம், அவர்கள் மலையில் தலைமுறை தலைமுறையாகத் தினையும் காபியும் போடும் குடும்பம், ஆனாலும் மாமா என்றும் அத்தை என்றும்தான் எனக்குப் பழக்கம். எங்கள் கார் அந்தப் பக்கம் இருமிக்கொண்டு போனால் அத்தை காட்டிலிருந்தே "ஏனுங்க டிரைவரண்ணா, தள்ள ஆளு வேணுங்களா?" என்று கேலி செய்வாள், பிறகு ஓடிவந்து என் மடியில் கொய்யாப்பழங்களைக் கொட்டிவிட்டுப் போவாள்.

அத்தைக்கு வயிற்றில் கட்டி வந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் வெகுநாள் வைத்திருந்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவளை அழைத்துவர அப்பா புறப்பட்ட காலையில், "வெரசா ஜெட்ட ஊதி மாட்டி வெச்சீன்னா உன்னையும் சேலம் கூட்டிட்டுப் போறேன்" என்றார். சேலத்தில் பரோட்டா கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருந்தேன். ஊதினேன், அடைப்பு போகவில்லை. கன்னம் வலிக்க ஊதியும் போகவில்லை. அப்பா உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கொடியில் தொங்கிய அம்மாவின் சேலையில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. அதன் முனையை உள்ளே விட்டுத் திருகினேன். வெளிச்சம் தெரிந்தது. மாட்டிவிட்டேன்.

இறங்கும்போது ஒரு குறையும் இல்லை. சேலத்துத் தெருக்களில் கொஞ்சம் கரும்புகை வந்தது. பெட்ரோல் பங்க்கில் என்னத்தைக் கலந்தானோ என்று அப்பா திட்டினார். எனக்குப் பரோட்டா வாங்கிக்கொடுத்தார், நான் இரண்டு தின்றேன். பிறகு அத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பின் சீட்டில் மாமாவின் மடியில் தலை வைத்துப் படுக்கவைத்தார்கள். அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவளுடைய தூக்குப் பல்லை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

சடையன் மாமாவின் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே போன உயிர் வெளியே பிரிந்துவிட்டால் உடம்பை ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது. எல்லைக்கல்லுக்கு அப்பால் கிடத்தி, அங்கிருந்தே காட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மூச்சு ஒரு துளி இருந்தாலும் போதும், வீட்டுக்குள் போகலாம். அதனால்தான் மாமா அவ்வளவு அவசரப்பட்டார். அத்தைக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. "எங்க ஊட்டுல படுத்து ஒரு வாய் கஞ்சி குடிச்சுப்புட்டுக் கண்ண மூடிக்கறேனுங்கண்ணா. அதுக்குள்ள கொண்டு சேத்துப்போடுங்க" என்று அப்பாவிடம் சொன்னாள்.

மலை ஏறத் தொடங்கியதுமே வண்டி திணறியது. முதல் சில வளைவுகளுக்குள் நின்றும் போனது. பின்னால் கரும்புகை சுருண்டது. "என்னாட்டமே உங்க காருக்கும் இழுப்பா?" என்றாள் அத்தை. மாமாகூடச் சிரித்தார். அப்பா சிரிக்காமல் பானட்டைத் திறந்தார். ஜெட்டைக் கழற்றித் தூக்கிப் பிடித்தார். மலை மூட்டம் இறங்கியிருந்தது, அந்த வெளிச்சத்தில் துளையின் அளவு யாருக்கும் தெரியாது. என்னைக் கூப்பிட்டார்.

"ஊதித்தான வெச்ச? ஊசி கீசி வுடலீல்ல?"

"இல்லீங்கப்பா" என்றேன்.

அவர் சீட்டுக்கு அடியில் இருந்த சாமான் பையில் வேறொரு ஜெட் எப்போதும் இருக்கும். அது எனக்குத் தெரியும். ஊக்கு விட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே அதை மாற்றியிருப்பார். அப்பா என்னை நம்பினார். ஜெட் சரியாக இருக்கிறது என்று அதையே திரும்ப மாட்டிவிட்டு, கரி பிடித்திருந்த பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். வண்டி கொஞ்ச தூரம் போகும், நிற்கும். மறுபடி துடைப்பார். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினார், பம்ப்பைப் பிரித்தார். அவர் கையில் ரத்தம் வந்தது. பின் சீட்டிலிருந்து அத்தை, "சில்வர் ஓக்கு மரம் வந்துருச்சா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த மரங்கள் மேலேதான் தொடங்கும். "இன்னும் இல்லீங்கத்தே" என்பேன். ஒரு தடவை அவள் கேட்காமல் இருந்தாள்.

மாமா, "ஏனுங்க, இங்க கொஞ்சம் பாருங்க" என்றார். அப்பா போய்ப் பார்த்தார். கழுத்தில் கை வைத்தார். பிறகு ஏதோ தோன்றியவர் போலப் பையிலிருந்து அந்த வேறு ஜெட்டை எடுத்து மாட்டினார். வண்டி ஒரே திருப்பலில் கிளம்பியது, புகை இல்லை, இருமல் இல்லை. கழற்றிய ஜெட் அப்பாவின் உள்ளங்கையில் இருந்தது. என்னைப் பார்த்தார். அதைப் பள்ளத்தில் வீசினார். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகு ஒருநாளும் பேசவில்லை.

மேலே போகும்போது மாமாவிடம், "அழுவாதீங்க மாப்ள. உசுரு இருக்குதுன்னே சொல்லிப்போடுங்க. ஊட்டுக்குள்ள சேத்திப்போடலாம், நானும் சொல்றேன்" என்றார். வேதபுத்தகத்தின் மேல் சத்தியம் செய்யக்கூடத் தயங்கும் மனிதர் அவர். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தையின் தலையைத் தோளில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்தார். எல்லைக்கல் அருகே வந்ததும், "இந்தா புள்ள, ஊடு வந்துருச்சு பாரு, பந்தம் கொளுத்தி வெச்சிருக்கறாங்க" என்று அவளிடம் பேசத் தொடங்கினார்.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் காரை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, பலாப்பழம் அறுத்தால் எங்களுக்கும் ஒரு பங்கு அனுப்புகிறவர். "எப்படி இருக்குறா?" என்றார். "தூங்கறாளுங்க" என்றார் மாமா. "மூச்சு இருக்குதுங்க" என்றார் அப்பா. கவுண்டர் இரண்டு பேரையும் பார்த்தார், பிறகு முன் சீட்டில் இருந்த என் பக்கம் குனிந்தார்.

"நீ சொல்லு சாமி. அத்தை பேசுனாளா?"

மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிட்டால் அப்பாவிடம் சொன்ன பொய் கழிந்துபோகும் என்று எண்ணினேன். அப்படித்தான் எண்ணினேன், வேறு காரணம் எதுவும் இல்லை.

"அத்தை வழியிலேயே செத்துப்போச்சுங்க" என்றேன்.

மாமா ஒரு சத்தம் போட்டார். அதை எழுதத் தெரியவில்லை.

அவளை எல்லைக்கல்லுக்கு வெளியே ஒரு பலா மரத்தடியில் கிடத்தினார்கள். மழை தூறியது, ஒரு படுதாவைக் கட்டினார்கள். அவள் வீடு அங்கிருந்து தெரியும் தூரம்தான். சாணி மெழுகி, கதவைத் திறந்து, கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார்கள். பெண்கள் வீட்டிலிருந்து இறங்கி வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அவள் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை.

ஊரார் பழியை அப்பாவின் மேல் போட்டார்கள். ஓட்டை வண்டியை வைத்துக்கொண்டு சாகக் கிடந்தவளை நடுரோட்டில் சாகவிட்டான், அது போதாதென்று பொய்யும் சொன்னான் என்றார்கள். சடையன் மாமா அதன் பிறகு எங்களுடன் பேசவில்லை. அந்தப் பக்கத்துச் சவாரி நின்றுபோய், அப்பா காரை விற்றார். நான் படித்து, பேராசிரியராகி, பொய்யைப் பற்றியும் உண்மையைப் பற்றியும் எத்தனையோ மாணவர்களுக்கு வகுப்பெடுத்தேன். அப்பா நோயில் விழுந்தபோது சேலம் ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். "எறங்கறது சுளுவு கண்ணு" என்றார். மலையை விட்டு இறங்கவில்லை. தன் கட்டிலிலேயே இறந்தார்.

போன மாதம் தனியாக மலைக்குப் போனேன். எல்லைக்கல்லைச் சாலை அகலப்படுத்தும்போது பெயர்த்துவிட்டார்கள். பலா மரமும் இல்லை. அந்த இடம் இப்போது சுற்றுலாக்காரர்களின் கார்கள் நிற்கும் மைதானம். அங்கே சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தவன் சடையன் மாமாவின் தம்பி பேரன் என்று தெரிந்ததும் அவனை ஓரமாக அழைத்து, ஊக்கையும் பொய்யையும் நான் சொன்ன உண்மையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டான். கார்புரேட்டர் என்றால் என்ன என்று இடையில் ஒரு முறை கேட்டான்.

"அதெல்லாம் இப்ப யாருங்க பாக்கறாங்க? போன வாரம்கூட எங்க பெரியப்பாவ ஆம்புலன்சுல கொண்டாந்து ஊட்டுக்குள்ளயே எறக்குனோம். உசுரு இருக்குதான்னு யாரும் ஒரு வார்த்த கேக்குலீங்க" என்றான். பிறகு, "பின்னால பஸ்ஸு வருதுங்க, வண்டியக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?" என்றான்.

சாவியைத் திருப்பினேன். கார் உடனே கிளம்பியது.