எழுதிக் குடுங்க சார்

“சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க சார்.” ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் உண்டு என்று சூப்பர்வைசர் சொன்னாலும் மொக்கைச்சாமியின் பதில் இதுதான். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்றாலும், தண்ணீர் லாரி நாளைக்கு வராது என்றாலும், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, சொன்னவர் முன்னால் நீட்டுவார். குரல் உயராது. எழுதவும் மாட்டாமல், விலகவும் மாட்டாமல் அந்த ஆள் தவிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நல்லூரில் எங்கள் லைன் வீடுகளில் அவருக்கு ‘எழுதிக்குடு’ என்றே பட்டப்பெயர்.

நாற்பதை எட்டாத வயது. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராகப் பன்னிரண்டு வருஷம். புருவத்தில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கும். நின்றுகொண்டு பேசும்போதும் வலது கால் மிஷின் பெடலை மிதிப்பதுபோலத் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். கோபம் வந்துவிட்டால் செருப்புக்கடியில் மண் அரைபடும். சாப்பாட்டில் கருவேப்பிலையைக்கூட ஒதுக்கமாட்டார், அவசரம். மனைவி ஒச்சாயிக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. இருவரும் ஒரே ஷிஃப்டில் வேலைக்குப் போனதே கிடையாது. யாராவது ஒருவர் மகள் கார்த்தீஸ்வரியுடன் வீட்டில் இருந்தாக வேண்டும்.

கார்த்தீஸ்வரிக்கு எட்டு வயது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பிரஷர் குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தன் கையையே கடித்துக்கொள்வாள். கதவு திறந்திருந்தால் ரோட்டுக்கு ஓடிவிடுவாள். எதிரே பஸ் வருகிறதா என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. நாம் என்ன கேட்கிறோமோ அதையே, நம் குரலிலேயே, திருப்பிச் சொல்வாள். பெரிய டாக்டர் ஒருவர் மூன்று முறை வரவழைத்துப் பார்த்துவிட்டு, இதற்குப் பெயர் ஆட்டிசம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடுதான் 2007 ஆடி மாதம், ஊனமுற்றோர் அடையாள அட்டைக்காக ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனார் மொக்கைச்சாமி. அட்டை இருந்தால் மாதாமாதம் உதவித்தொகை கேட்கலாம். சிறப்புப் பள்ளிக்குப் பஸ் சலுகையும் கிடைக்கும். காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றவர்களை மத்தியானம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் தலை நிமிராமல், “உன் பேர் என்ன கண்ணு?” என்றாராம். “உன் பேர் என்ன கண்ணு” என்றாளாம் இவள். அடுத்த சீட்டை எடுங்கள் என்று சொல்லிவிட்டார் டாக்டர். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

முடிவைச் சொன்னது அலுவலக கிளார்க் கிட்டுசாமி. கொங்குநாட்டு மரியாதை ததும்பும் மனிதர். “ஏனுங்க, புள்ள நல்லா நடக்குது, நல்லா பேசுது. எத்தனை பேருக்கு அந்தக் குடுப்பினை இருக்குதுங்க? சந்தோசமா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றிருக்கிறார்.

மொக்கைச்சாமிக்கு இல்லை என்று சொன்னதுகூடப் பெரிதாகப் படவில்லை. சந்தோஷப்படச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. “ரெண்டு கதவுக்கும் வெளிய பூட்டுப் போட்டுட்டுக் கக்கூசுக்குப் போறவன்ணே நானு. என்னையப் பாத்து சந்தோசமா இருங்கறாய்ங்க. இதுக்கு அடிச்சு வெரட்டியிருக்கலாம்ல? ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ‘ங்க’ போட்டு வெரட்டுறாய்ங்க.”

அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகப் பேனாவை நீட்டினார். இல்லை என்று சொன்னதை எழுதித் தரச் சொன்னார். அப்படியெல்லாம் தருகிற வழக்கமில்லை என்றார்கள். மறுவாரம் போனார். அதிகாரி ஜீப்பில் வெளியே போயிருந்தார். அதற்கடுத்த வாரம் ஃபைல் கிடைக்கவில்லை. ஐந்தாவது முறை, இவரைத் துரத்தவே ஒரு அரைத்தாளில் டைப் அடித்துக் கொடுத்தார்கள். ‘மனுதாரரின் மகள் சரளமாகப் பேசுவதால் கோரிக்கை ஏற்பதற்கில்லை.’

சரளம் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார். தங்குதடையில்லாமல் என்றேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரர்கள் அயர்ன் பாக்ஸை வாசல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போன நேரத்தில், கார்த்தீஸ்வரி அதில் உள்ளங்கையை வைத்துவிட்டாள். சத்தமே இல்லை. தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் ஒச்சாயிக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ் “வலிக்குதா பாப்பா?” என்று கேட்டார். “வலிக்குதா பாப்பா” என்றாள் கார்த்தீஸ்வரி. ஒச்சாயி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். மொக்கைச்சாமி அழவில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போய், பெரிய அதிகாரியின் மேஜையில் அந்த அரைத்தாளை விரித்து வைத்தார்.

“அய்யா, இவ சரளமாப் பேசுறாளாம். கை எப்படி வெந்துச்சுன்னு நீங்களே கேட்டுப் பாருங்க.”

அதிகாரி கேட்டார். கேட்டதே திரும்பி வந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் அதுவே. தாளின் ஓரத்தில் ‘மறுபரிசோதனை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது முறை பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். பேர் மட்டும் கேட்க வேண்டாம், அரைமணி நேரம் சும்மா பார்த்தால் போதும் என்று மொக்கைச்சாமி கேட்டுக்கொண்டார். அவரும் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பார்த்தார். முக்கால் மணி நேரம். பிறகு எழுபது சதவீதம் என்று எழுதினார். வகை என்ற இடத்தில் ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று எழுதப் போனபோது மொக்கைச்சாமி தடுத்தார். ஆட்டிசம் என்றே எழுதச் சொன்னார். ஃபாரத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது, எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும் என்றார் டாக்டர்.

கடைசியில் மொக்கைச்சாமி ஒத்துக்கொண்டிருக்கிறார். “எழுதுங்கம்மா. ஆனா அது தப்புன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியுங்க” என்றாராம் டாக்டர்.

“அந்த ஒரு வார்த்தைக்காகத்தாண்ணே கையெழுத்துப் போட்டேன்” என்றார் என்னிடம். இப்போதும் அந்த வகையை மாற்றச் சொல்லி மாதம் ஒரு மனு போகிறது. பதில் வந்தபாடில்லை.

அட்டை வாங்கப் போன அன்று ஒச்சாயிக்கு ஷிஃப்ட் என்பதால் நான் துணைக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். கிட்டுசாமி முகம் மலர வரவேற்று, எப்படியோ காரியம் முடிந்ததே என்று மகிழ்ந்தார். மொக்கைச்சாமி அந்தப் பக்கமே திரும்பவில்லை. அட்டையில் குழந்தையின் பெருவிரல் ரேகை பதிய வேண்டும். கிட்டுசாமி மைப்பெட்டியைத் திறந்து, “கையக் கொண்டா கண்ணு” என்று அவள் மணிக்கட்டைப் பிடிக்கப் போனார். கார்த்தீஸ்வரி வீறிட்டுக் கையை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் அழுத்திப் புடிங்க. ஒரு செகண்டு வேலைங்க” என்றார் கிட்டுசாமி. பின்னாலிருந்து யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

மொக்கைச்சாமி கிட்டுசாமியின் கையை மெல்ல விலக்கினார். தன் பெருவிரலை மையில் தோய்த்து, மகள் பார்க்கும்படி, தன் புறங்கையில் ஒரு முறை பதித்தார். பிறகு இன்னொரு முறை. மைப்பெட்டியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசை மொத்தத்தையும் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, அவள் விரல் வருவதற்காகக் காத்து நின்றார்.