ராஜகுருவுக்குத் தெரியாத கப்பல்கள்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அந்த வாயால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் ராஜகுரு அண்ணனைப் பற்றி எழுத முடியாது. அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கோச்சடையில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் ஒன்பது பேர். விண்வெளிக் கப்பல் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை நாலு வருஷமாகச் செய்துகொண்டிருந்தோம். கப்பலும் கப்பலும் மோதினால் அது கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். அந்தப் பகுதியை எழுதியவள் நான், பிரியம்வதா. கேட்க லேசாக இருக்கும். கம்ப்யூட்டர் விநாடிக்கு அறுபது தடவைதான் எட்டிப் பார்க்கும். வேகமாகப் போகிற கப்பல் ஒரு தடவை பார்க்கும்போது சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும், அடுத்த தடவை அந்தப் பக்கம் இருக்கும். நடுவில் சுவரை இடித்ததே அதற்குத் தெரியாது. இதைச் சரிசெய்ய எனக்கு ஒரு மழைக்காலம் முழுசாகப் போனது.

நான் சரியாகிவிட்டது என்று சொன்னதை உடைத்துக் காட்டுவதுதான் அண்ணன் வேலை. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை கப்பல்களை மோதவிடுவார். எந்த மோதல் பதிவானது, எது பதிவாகவில்லை என்று எழுதி எனக்கு அனுப்புவார். மகாலுக்குப் பக்கத்தில் ஒரு சௌராஷ்டிரத் தெருவில் பிறந்தவர். பி.காம். முடித்துவிட்டு பிரவுசிங் சென்டர் வைத்து நஷ்டப்பட்டு, முப்பதை நெருங்கும்போது இந்த வேலைக்கு வந்தார். மாமா மகள் பத்மாசினியைக் கட்டி, ஒத்தக்கடையில் சின்னதாக ஒரு வீடும் கட்டி, ஏழு வயது மகள் காவ்யஸ்ரீயோடு இருந்தார். தினமும் ஊரின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு பைக்கில் வந்து போவார்.

கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வது அவருக்கு வழக்கம். மேசை ஓரத்து டீ கிளாஸைத் தட்டிவிடுவார். "அண்ணே, வாசல்லயும் டெஸ்டிங்கா?" என்று சிரிப்போம். சின்ன வயதில் எந்த கிரிக்கெட் டீமிலும் தன்னைச் சேர்க்க மாட்டார்கள், ஒரு கேட்ச்கூடப் பிடித்ததில்லை என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை.

போன வருஷம், பாதி முடிந்த விளையாட்டைச் சிலரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டோம். காற்றே இல்லாத இடத்தில் பக்கத்துக் கப்பலின் சத்தம் எப்படிக் கேட்கும் என்று கிழித்துத் தொங்கவிட்டார்கள். முதலாளி தங்கப்பாண்டி தயங்கினார். அண்ணன்தான் அவர்கள் பக்கம் நின்றார்.

"நெசத்துல எப்படியோ அப்படியே இருக்கட்டும்ணே. சத்தத்த எடுத்துருவோம்."

எடுத்தோம். மேசை அகலத்துக்கு வளைந்த திரையும் வாங்கினோம். அந்த வாரமே அவரிடமிருந்து ஒரு புகார் வந்தது. இடதுபக்கத்திலிருந்து வரவேண்டிய கப்பல் வரவே இல்லை, திடீரென்று மூக்குக்கு முன்னால் முளைத்து மோதிவிட்டது. மறுநாள் இரண்டு. வாரக் கடைசிக்குள் பதினாலு.

மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். சத்தத்தை எடுத்தபோது எதையோ கெடுத்துவிட்டேன் என்று வரிவரியாகத் தேடினேன். அவர் ஆடியதன் பதிவை ஓட்டிப் பார்த்தால், கப்பல் இடது ஓரத்தில் தோன்றி நாலு விநாடி நிதானமாக வருகிறது. அவரைக் கூப்பிட்டு, திரையில் விரலை வைத்துக் காட்டினேன்.

"இந்தா வருதுல்லண்ணே."

அவர் முகத்தைத் திருப்பி என் விரலையே பார்த்தார். "இப்ப தெரியுது பிரியா. அப்ப வரலையே. பதிவுல வேற மாதிரி ஓடுதோ?"

பிழை என் எழுத்தில் இருக்கிறது என்றே அந்த மனுஷன் கடைசிவரை நம்பினார். நான் அதைக்கூட நம்பவில்லை. அவர் வேலை நேரத்தில் தூங்குகிறார் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில், ஒன்பது பேர் முன்னால், இருபத்தேழாவது புகாரை வாசித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கண்ணு என்ன பொடனியிலயாண்ணே இருக்கு?" என்றேன். "நாலு செகண்டு வருது. எங்க அம்மாச்சி ஆடுனாக்கூட ஒதுங்கிரும். ஒங்களால மூணு வாரம் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். தங்கப்பாண்டி, "பாத்து எழுதுங்க குரு, இல்லாட்டி வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார். வீட்டுக் கடனும் பள்ளிக்கூடமும் இருக்கிற ஆளிடம் சொல்லும் பேச்சா அது? ஆனால் அந்தப் பேச்சுக்கு வழி போட்டுக் கொடுத்தவள் நான்.

அதன் பிறகு அப்படி ஒரு புகாரும் வரவில்லை. பிழை போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். அவர் மோதிய மோதல்களை எழுதாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். "சரியா கவனிக்கல, என் தப்புதான்" என்று பத்மாசினியிடம் சொல்லியிருக்கிறார்.

விளையாட்டு வெளியானது. நன்றாகத்தான் போனது. ஒரு மாதம் கழித்து, சாயங்காலம் ஆறரை மணிக்கு, மேலூர் ரோட்டில் ஒத்தக்கடைக்குக் கொஞ்சம் முன்னால், ஓரமாக நிறுத்தியிருந்த செங்கல் டிராக்டரின் பின்னால் அண்ணன் பைக்கோடு போய் மோதினார். பின்விளக்கு இல்லாத டிராக்டர்தான். ஆனாலும் முழுசாக இருட்டவில்லை. முன்னால் போன பைக்குகள் எல்லாம் ஒதுங்கித்தான் போயிருந்தன. தொடை எலும்பு இரண்டாக உடைந்தது.

"வண்டியே தெரியல சார்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்ட எலும்பு டாக்டர்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பத்மாசினியோடு நானும் போனேன். ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, எங்கே வெளிச்சப் புள்ளி வந்தாலும் பட்டனை அமுக்க வேண்டும். முடிந்ததும் டாக்டரம்மா தாளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"புள்ளி வராதப்பவும் அமுக்கிருக்கீங்க. எதுக்கு?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "எம்புட்டு நேரத்துக்கு ஒருக்கா வருதுன்னு கணக்குப் புடிச்சிட்டேன் மேடம். விட்டுட்டா தப்பாப் போயிருமேன்னு..."

"இது பரிச்ச இல்லங்க. தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க."

இரண்டாவது தடவை அவர் அநேகமாக அமுக்கவே இல்லை. தாளில் நடுவில் மட்டும் ஒரு சின்ன வட்டம் வெள்ளையாக இருந்தது, சுற்றிலும் கறுப்பு. விழித்திரை ஓரத்திலிருந்து அழிந்துகொண்டு வருகிறது, சின்ன வயதிலேயே தொடங்கியிருக்கும், அழிந்தது திரும்பாது, மிச்சமும் போகலாம் என்றார் டாக்டரம்மா. மெதுவாகப் போனதால் அவருக்கே தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் ரோட்டில் எப்படி வண்டி ஓட்டினார் என்பதுதான் டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. காதால் ஓட்டியிருக்கிறார். பஸ்ஸின் ஹார்ன், லாரியின் இரைச்சல், ஆட்டோவின் கடகடப்பு. விளையாட்டிலும் அப்படித்தான். பக்கத்துக் கப்பலின் சத்தம் இருந்தவரை அவருக்கு எந்தக் கப்பலும் திடீரென்று முளைக்கவில்லை. சத்தத்தை எடுத்த வாரம்தான் புகார் தொடங்கியது. நின்றுகொண்டிருந்த டிராக்டரிலும் சத்தம் இல்லை. இருபத்தேழு தடவை அந்த மனுஷன் தன் நோயை எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறார். நான் அவரைக் கேலி பண்ணினேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"சொந்தத்துலயா கட்டிருக்கீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மாமா பொண்ணு" என்றார் அண்ணன். "எங்கப்பா அம்மாவும் சொந்தந்தான்."

"திங்கக்கெழம கொழந்தையக் கூட்டிட்டு வாங்க."

பத்மாசினி அவர் தோளிலிருந்து கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு ஒத்தக்கடை வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அண்ணன் கட்டுப்போட்ட காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே நெருக்கமாக ஸ்டூலில் காவ்யஸ்ரீ. வீட்டில் அவர்கள் பாஷைதான் பேசுவார்கள், என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்கள்.

"நாங்க ஒரு வெளையாட்டு வெளையாடுறோம் ஆன்ட்டி" என்றாள் அவள்.

"அப்பா மூக்கையே பாக்கணும்" என்றார் அண்ணன். "பாத்துக்கிட்டே ஓரத்துல எத்தன வெரல் காட்டுறேன்னு சொல்லணும். கண்ணத் திருப்புனா அவுட்டு."

திங்கட்கிழமைவரை அவரால் பொறுக்க முடியவில்லை என்பது தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழந்தை முதல் இரண்டு தடவையும் கண்ணைத் திருப்பி, "மூணு", "அஞ்சு" என்று கத்தினாள். இரண்டு தடவையும் அவுட். மூன்றாவது தடவை பிடிவாதமாக அவர் மூக்கையே பார்த்தாள். அவர் இடது கையை அவள் காதோரமாக நீட்டி, இரண்டு விரலைக் காட்டினார்.

"எத்தன?"

"நீங்க இன்னும் கையத் தூக்கவே இல்லையேப்பா."

அவர் கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். "இப்ப?"

"இன்னும் தூக்கல."

அடுப்படி வாசலில் பத்மாசினி வந்து நின்றாள். அண்ணன் மகளின் கண்ணிலிருந்து பார்வையை எடுக்காமல், தணிந்த குரலில் என்னைக் கேட்டார்.

"பிரியா, கை ரொம்பப் பின்னால போயிருச்சா? எனக்கு இங்கருந்து தெரியல."

கை அவள் புருவக் கடைசிக்கு நேராக இருந்தது. இரண்டு விரலும் நன்றாக விரிந்திருந்தன. பின்னால்தான் இருக்கிறது என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தது குரலிலேயே தெரிந்தது.

"இல்லண்ணே" என்றேன். "சரியான எடத்துலதான் இருக்கு."

அவர் கையை இறக்கவில்லை.

"சீக்கிரம் தூக்குங்கப்பா" என்றாள் காவ்யஸ்ரீ, அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு.