மிஷெல்ஸ்டாட்டில் ஒரு தலையாட்டல்

1987 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. காலை 11.20 மணிக்கே நாங்கள் மூவரும் மேற்கு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நிலையத்தில் நின்றோம். ரயில் 11.38க்கு. போகுமிடம் ஓடன்வால்ட் மலைகளுக்கு நடுவே இருக்கும் மிஷெல்ஸ்டாட் என்ற சிற்றூர். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். போய்வர ஒருவருக்குப் பதினெட்டு மார்க். ஒரு சதுரங்க ஆட்டம் பார்க்க இவ்வளவு செலவா என்று கேட்காதீர்கள். அன்று மாலை நான் பார்த்ததற்கு இன்னொரு பதினெட்டும் கொடுத்திருப்பேன்.

மூவரில் ஒருவர் ஹெர் ரைட்டர், நம் வழக்கில் திரு ரைட்டர். எங்கள் சதுரங்கச் சங்கத்தின் அணித்தலைவர். ரயில்வே பார்சல் பிரிவில் வேலை. மற்ற ஆட்டக்காரர்கள் காரில் போய்விட, இவர் ரயிலைத் தவிர வேறெதிலும் ஏறமாட்டார். இன்னொருவர் செபமாலை, மன்னார்க்காரர், முப்பத்திரண்டு வயது. 1985இல் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்குக்குக் கடந்து, அரசாங்கம் அனுப்பிய இடமான டார்ம்ஸ்டாட்டுக்கு வந்தவர். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலை செய்ய அனுமதியில்லை. மாவட்டத்தைத் தாண்டவும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். மூன்றாவது நான். பொறியியல் படிக்க வந்த திருநெல்வேலிக்காரன், ஜெர்மன் பேசத் தெரிந்தவன் என்பதால் மொழிபெயர்ப்பாளனாகக் கூட்டிப் போனார்கள்.

ரயில் ரைன்ஹைம் தாண்டியதும் மலைகள் நெருங்கி வந்தன. வசந்தம் என்று நாட்காட்டி சொன்னாலும் மரங்கள் மொட்டையாகவே நின்றன. நிழல் விழும் சரிவுகளில் பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தபோது ஜன்னலில் எங்கள் முகங்களே தெரிந்தன. செபமாலையின் முகம் அமைதியாக இருந்தது. நான்தான் பயணச்சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அண்ணே, டென்ஷனா இருக்கா?" என்றேன்.

"உமக்குத்தான் இருக்குப் போல. டொக்டர் எனக்கு ஸ்ட்ரெஸ் எண்டு எழுதித் தந்தவர். ஊரில உதுக்குப் பேரே இல்லைத் தம்பி. இஞ்ச வந்துதான் பேர் வைச்சவங்கள்."

அவருக்கு இருந்தது வேடிக்கையான வியாதியல்ல. இரவில் தூக்கம் கிடையாது, வயிறு எரியும். பிப்ரவரி ஆட்டத்தில், வெல்ல வேண்டிய நிலையில் இருந்தபோது, அமெரிக்கப் படையின் ஹெலிகாப்டர் ஒன்று கூரைக்கு மேலே தாழப் பறந்தது. மன்னாரில் அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பது அங்கிருந்த ஜெர்மன்காரர்களுக்குத் தெரியாது. இவர் கை தானாக நீண்டு ராணியைத் தூக்கி எங்கோ வைத்தது. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது விதி. ஆட்டம் போயிற்று. அதற்கு முந்தைய ஆட்டத்தையும் ஒரு தீயணைப்புச் சங்கு இப்படித்தான் கொண்டுபோனது. ஹெர் ரைட்டர் நல்ல மனிதர், ஆனால் கறார். இன்னொரு முறை கை இப்படிப் போனால், அடுத்த பருவம் தொடங்கும் செப்டம்பரிலிருந்து முதலணியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். வேலையில்லாத ஒருவருக்கு அந்த இடம் எவ்வளவு பெரியது! இந்த நாட்டில் அவர் பெயரை மரியாதையோடு எழுதி ஒட்டியிருந்த ஒரே சுவர் சங்கத்து அறையின் சுவர்தான்.

அதனால் செபமாலை ஒரு பயிற்சி தொடங்கினார். நான் படித்த யோகப் புத்தகங்களிலிருந்து மூச்சுப் பயிற்சி சொல்லிப் பார்த்தேன். "மூச்சு தன்பாட்டில வந்து போகுது, தம்பி. கைதான் சொல்லாமப் போகுது. அதையெல்லோ கட்டவேணும்" என்று தள்ளிவிட்டார். தாம் தங்கியிருந்த அகதிகள் விடுதியின் சமையலறையில் பலகையை விரித்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்காருவார். எதிரி என்ன செய்யப் பார்க்கிறான் என்று மனதுக்குள் முழு வாக்கியமாகச் சொல்லி முடித்த பிறகே ஒரு கையை விடுவிப்பார். சுற்றிலும் அறைத்தோழர்கள் பானை மூடிகளைத் தட்டுவார்கள். அந்த்ராக் என்று எல்லோரும் ஜெர்மனிலேயே சொல்லும் அகதி விண்ணப்பத்தை வைத்தும் கூத்தடிப்பார்கள். "அண்ணை, உங்கட அந்த்ராக் சரிவந்திட்டுதாம்! ஓடியாங்கோ!" என்று ஒருவன் கத்துவான். "சரிவந்தா வாற மாசமும் சரிதானே, கத்தாதை" என்று இவர் அசையாமல் பதில் சொல்வார். இரண்டு மாதம் இப்படி. தூக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்ததாம்.

பகல் 12.50. மிஷெல்ஸ்டாட். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் சந்தைச் சதுக்கம். அங்கே 1484இல் கட்டிய நகர மண்டபம் பருத்த ஓக் மரத்தூண்களின் மேல், கூரான கூரையோடு, நேற்றுத்தான் தச்சர்கள் இறங்கிப் போனதுபோல நிற்கிறது. கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு எழுந்த மரக்கட்டடம்! தூண்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அருகே ஒரு கடையில் காப்பி ஒரு மார்க் எண்பது. தவக்காலம் என்பதால் செபமாலை இறைச்சி ரொட்டியை மறுத்து வெறும் சீஸ் ரொட்டி சாப்பிட்டார்.

ஆட்டம் ஒரு விடுதியின் பின்கூடத்தில் இரண்டு மணிக்குத் தொடங்கியது. எட்டுப் பலகைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரட்டை முகக் கடிகாரம். முதல் நாற்பது நகர்த்தலுக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம். எங்கள் ஊர் வாசகசாலையில் சதுரங்கம் என்றால் இருவர் ஆடுவார்கள், இருபது பேர் நகர்த்துவார்கள். இங்கே இருமல்கூடக் கைக்குட்டைக்குள் போய்விடுகிறது.

மாலை 5.40. ஏழு பலகைகள் முடிந்தன. இரு அணிகளும் சமம், மூன்றரைக்கு மூன்றரை. மீதம் இருந்தது செபமாலையின் பலகை மட்டும். அவர் சமன் செய்தாலே நாங்கள் லீக் போட்டியின் இந்தப் பிரிவில் தங்கிவிடுவோம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். எதிரே அந்த ஊரில் மருந்துக்கடை நடத்தும் அம்மாள், ஃப்ராவ் பெக். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். அவர் ஒரு குதிரையை நகர்த்தி, "ரெமீஸ்?" என்று கேட்டு, கடிகாரத்தை அழுத்தினார். சமன் செய்துகொள்ளலாமா என்று பொருள்.

செபமாலை தலையை ஆட்டினார்.

எப்படி ஆட்டினார் என்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலும் கீழுமில்லை, பக்கவாட்டிலுமில்லை. காது தோளை நோக்கிச் சாய்ந்து மீண்டது. ஃப்ராவ் பெக்குக்கு அது சம்மதம். கடிகாரத்தை நிறுத்திவிட்டு, சிரித்தபடி கையை நீட்டினார். எங்கள் அணி ஆட்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டினார்கள். ஹெர் ரைட்டர் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார்.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. செபமாலையின் கைகள் இரண்டும் தொடைக்கு அடியில் இருந்தன.

ஒரு பெண்மணி நீட்டிய கையைப் பற்றாமல் உட்கார்ந்திருப்பது அங்கே சின்ன அவமதிப்பில்லை. கூடம் சலசலத்தது. உள்ளூர் அணியில் ஒருவர், "ஒத்துக்கொண்டுவிட்டு மறுக்கிறாரா?" என்று உரக்கக் கேட்டார். ஹெர் ரைட்டர் குனிந்து, "கையைக் கொடு, மனிதா! நமக்கு இது போதும்!" என்றார். செபமாலை நிமிரவேயில்லை.

"தம்பி, நான் ஓம் எண்டு சொல்லேல்லை. கேட்டது விளங்கினது, யோசிக்கிறன் எண்டுதான் தலையாட்டினனான். சொல்லும் உவையளுக்கு."

நான் எழுந்தேன். பல்கலைக்கழகத்தில் எந்தத் தேர்விலும் என் ஜெர்மன் இப்படி நடுங்கியதில்லை. எங்களுக்குத் தலையாட்டல் மூன்று வகை என்றேன். ஆம் ஒன்று, இல்லை ஒன்று, கேட்டுக்கொண்டிருக்கிறேன் ஒன்று. மூன்றாவதை ஆட்டிக் காட்டினேன். பிறகு ஃப்ராவ் பெக் தம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. பின்வரிசையில் இருவர் முயன்றார்கள். கூடம் முழுவதும் சிரிப்பு வெடித்தது.

"என் கடையில் இப்படி ஆட்டினால் மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஃப்ராவ் பெக். "சரி, யோசியுங்கள். ஆனால் பதிலை வாயால் சொல்லுங்கள்." கடிகாரத்தை மீண்டும் ஓடவிட்டார்.

இப்போதுதான் எனக்கு உண்மையான பயம். சிரிப்பு அடங்கவில்லை. நாற்காலிகள் கிறீச்சிட்டன. தம் அணித்தலைவரே எதிராக நிற்கிறார். ஃப்ராவ் பெக்கின் குதிரையோ காவலில்லாமல், வா வந்து எடு என்று நின்றது. எடுத்தால் வெற்றி என்றே எனக்கும் பட்டது. செபமாலையின் வலது தோள் லேசாக உயர்ந்தது. கை புறப்படுகிறது என்று நினைத்தேன். தோள் மறுபடி இறங்கியது. அவர் உதடுகள் அசைந்தன. அந்த முழு வாக்கியம் உள்ளே ஓடுகிறது. நான்கு நிமிடங்கள் போயின. கடிகாரத்தின் சிறு சிவப்புக் கொடி மெல்ல நிமிரத் தொடங்கியது. அது விழுந்தால் நேரம் முடிந்தது.

செபமாலை இரண்டு கைகளையும் வெளியே எடுத்தார். வலது கையை நீட்டி, தெளிவாக, "ரெமீஸ்" என்றார்.

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு எழுந்த ஆரவாரத்தில் மேசையிலிருந்த பியர் குவளை ஒன்று கவிழ்ந்தது. ஃப்ராவ் பெக் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "குதிரையை எடுப்பீர்கள் என்று பிரார்த்தித்துக்கொண்டிருந்தேன்" என்றார். காய்களை நகர்த்திக் காட்டினார். குதிரையை எடுக்கச் செபமாலையின் யானை கடைசி வரிசையை விட்டு நகர வேண்டும். நகர்ந்தால் இரண்டே நகர்த்தலில் ராஜாவுக்கு வழியில்லை. எடுக்காவிட்டால் இருவருக்குமே வெல்ல ஒன்றுமில்லை.

மாலை 7.10 ரயில். வெளிச்சம் இன்னும் போகவில்லை. சென்ற ஞாயிறுதான் நாடு முழுவதும் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தார்கள். பாட் கேனிக் நிலையம் தாண்டியது. ஹெர் ரைட்டர் என்னைப் பார்த்து, "அவரிடம் கேளுங்கள். கடைசியில் அதே சமன்தானே? அந்த அம்மாள் கொடுத்தபோதே வாங்கியிருந்தால் என் இதயம் பிழைத்திருக்கும்" என்றார்.

செபமாலை சிரித்தார். "அப்ப அது அவ தந்தது. வாங்கியிருந்தா, பயத்தில வாங்கினதா, பார்த்து வாங்கினதா எண்டு எனக்கே தெரியாமப் போயிருக்கும். இப்ப நான் பார்த்திட்டன், தம்பி. முழுக்கப் பார்த்திட்டன்."

மொழிபெயர்த்தேன். டார்ம்ஸ்டாட்டின் விளக்குகள் தெரிந்தபோது ஹெர் ரைட்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "செப்டம்பரில் முதலணி, ஐந்தாம் பலகை" என்றார், நேரே செபமாலையைப் பார்த்து. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.