அவள் வாசிக்காத பெயர்

“உனக்குன்னு ஒரு புள்ள இருந்தா, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவியா டீச்சர்?”

கேட்ட அக்கா கோபமாகக் கேட்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அனுப்புவேன் என்று உடனே சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தெருவில் போட்டார். நான் சொன்னதும் அந்தக் கல்லோடு போய்விட்டது போல இருந்தது.

அவருடைய மூத்த பெண் என் நான்காம் வகுப்பில் படித்தவள். மாசி மாதத்தில் வாந்திபேதியில் இறந்துபோனாள். நான் அந்தப் படியில் போய் நின்றது பங்குனியில். பள்ளிக்கூடத்தைத் திறந்து பத்து நாள் ஆகியிருந்தது. இளைய பெண்ணை அனுப்புங்கள் என்று கேட்கப் போயிருந்தேன்.

அண்ணாமலை நகருக்குக் கிழக்கே, வாய்க்காலைத் தாண்டினால் அந்தத் தெரு. ஆண்களில் பாதிப் பேர் வயல் வேலை, பாதிப் பேர் ரிக்‌ஷா. பெண்கள் நிறையப் பேர் மாணவர் லாட்ஜ்களில் பாத்திரம் கழுவப் போவார்கள். தெரு முனையில் ஓடு வேய்ந்த இரண்டு அறைகள்தான் பள்ளிக்கூடம். தலைமையாசிரியரும் நானும் மட்டும். நாற்பத்து மூன்று பிள்ளைகள், அதில் பத்தொன்பது பேர் பெண்கள். அந்தப் பத்தொன்பது எனக்குப் பெருமை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது ஏழாக இருந்தது.

திருவந்திபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கெடிலம் ஆற்றோரத்தில் அப்பாவுக்கு, மணிலாக்கொட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போடக் கொஞ்சம் நிலம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. கடலூரில் ஆசிரியர் பயிற்சி முடித்து இந்த வேலைக்கு வந்தபோது, அம்மாவின் தம்பி என்னைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தார். “ரெண்டு வருஷம் பாக்கட்டும். பள்ளிக்கூடத்துலயே சலிச்சிப்போய் தானா வந்துடுவா” என்று சொல்லியிருந்தார். அந்த இரண்டு வருஷம் முடிய மூன்று மாதம் இருந்தது.

காலரா வெளிநாட்டிலிருந்து கப்பல் ஏறி வந்தது என்று ஒருவர் சொன்னார், ரயிலில் வந்தது என்று இன்னொருவர் சொன்னார். பொங்கல் முடிந்ததும் தண்டோரா போட்டுப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். வெட்டி வைத்த பழம் விற்கக் கூடாது, தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். சோறு முழுக்க அந்த வாடை. லாட்ஜ்கள் காலியாகிப் பெண்களுக்கு வேலை குறைந்தது. எங்களுக்கு மட்டும் சம்பளம் நிற்கவில்லை. அது தெருவின் கண்ணில் பட்டது.

நான் டீக்கடையைக் கடக்கும்போதெல்லாம் கடைக்காரர் யாரிடமோ சொல்வது போலச் சொல்வார். “மழை பேஞ்சாலும் சம்பளம், வாந்திபேதி வந்தாலும் சம்பளம். அடுத்த ஜென்மத்துல நான் வாத்தியாராத்தான் பொறக்கணும்.” பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் முதல் இரண்டு நாள் சிரித்தேன்.

சும்மா இருக்கிறோம் என்ற பேச்சுத்தான் என்னை உறுத்தியது. அதனால் காலரா ஊசி போட ஹெல்த் இன்ஸ்பெக்டர் உதவி கேட்டு வந்தபோது, தலைமையாசிரியர் முதுகுவலி என்று சொன்னாலும் நான் ஒப்புக்கொண்டேன். பெரியவர்கள் ஊசிக்குப் பயந்து வயலுக்குள் ஓடினார்கள். பிள்ளைகளை என்னால் கொண்டுவர முடியும் என்று சொன்னேன். நாற்பத்து மூன்று பேருக்கும் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாதியைத் தாண்டவில்லை என்று அவர் சொல்லியிருந்தார்.

என் யோசனை எளிமையானது. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து மரத்தடியில் நின்று பெயர் கூப்பிடுவது. பெயர் கூப்பிட்டால் “உள்ளேன் டீச்சர்” என்று எழுந்து வந்து பழகிய பிள்ளைகள். யாரையும் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. அப்படியே நடந்தது. ஸ்பிரிட் அடுப்பில் ஊசியைக் கொதிக்க வைத்துக் கம்பவுண்டர் ஒருவர் போட்டார். நான் கைகளைப் பிடித்துக்கொண்டேன். பதிவேட்டை வாசிக்க அந்த அக்காவின் மூத்த பெண்ணை நிற்க வைத்தேன். தெளிவாக, தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். ஹெல்த் இன்ஸ்பெக்டர் முன்னால் என் மாணவி வாசிப்பது எனக்கு வேண்டியிருந்தது.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அன்று அவளும் அதை வாசிக்கவில்லை.

நான்காம் வகுப்புப் பக்கத்தில் ஐந்தாவது பெயர் அவளுடையது. நான்காவதை வாசித்தாள், ஆறாவதை வாசித்தாள். குரல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. வாசித்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் ஒரு பையனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவன் அலறிக்கொண்டிருந்தான். நான் கவனித்தேன். பார்க்கவில்லை என்று பின்னால் பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்தப் பொய் நிற்கவில்லை. கவனித்தேன், உள்ளுக்குள் சிரித்தேன். கெட்டிக்காரி, கடைசியில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடைசியில் கூட்டம் கலைந்துபோனது. கம்பவுண்டருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

சாயங்காலம் பட்டியல் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு டிக். அவள் பெயரில் பேனா நின்றது. நாற்பத்திரண்டு என்று எழுத வேண்டும். நாற்பத்து மூன்று என்று சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் அவர்கள் பக்கத்து ஊருக்கு வருவார்கள், நானே அவளைக் கூட்டிப்போகலாம் என்று டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் அதைத் தலைமையாசிரியரிடம் காட்டி, இந்தத் தாலுகாவிலேயே இப்படி ஒரு டீச்சர் இல்லை என்றார்.

அடுத்த வாரம் மருந்து வரவில்லை என்று அவர்களும் வரவில்லை. ஊசி போட்ட பிள்ளைகளுக்குக் கை வீங்கி இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. தாய்மார்கள் என்னைத் திட்டினார்கள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் அவளுக்கு வயிறு போக ஆரம்பித்து, மாட்டு வண்டியில் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சுண்ணாம்பு தூவி உடனே புதைத்துவிட்டார்கள். வீட்டுக்குக்கூடக் கொண்டுவர விடவில்லை.

அதற்குப் பிறகு தெருவில் ஒரே பேச்சுத்தான். ஊசி போட்ட பிள்ளை செத்துவிட்டது. அப்படியென்றால் ஊசி எதற்கு? ஊசியில்தான் ஏதோ இருந்திருக்கிறது. அதைப் பள்ளிக்கூடத்தில் வைத்துத்தானே போட்டார்கள். பெயர் கூப்பிட்டுத்தானே போட்டார்கள்.

பங்குனி பிறந்ததும் பள்ளிக்கூடத்தைத் திறக்க உத்தரவு வந்தது. முதல் நாள் நான்கு பேர் வந்தார்கள். பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டேன். அந்தப் பையன் எழுந்து நிற்கவில்லை. பலகையையும் பையையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். மற்ற மூன்று பேர் மதியச் சோறு வரைக்கும் இருந்தார்கள்.

சும்மா சம்பளம் வாங்குகிறோம் என்று சொன்ன அதே பெஞ்சு இப்போது வேறு சொன்னது. நான் வீடு வீடாகப் போவதைப் பார்த்து டீக்கடைக்காரர், “சம்பளத்துக்கு ஆள் புடிக்கிறாங்க, புள்ளைங்கள உள்ள வச்சிக்குங்க” என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கதவுகள் மெதுவாகச் சாத்தப்பட்டன. ஒரு வீட்டில் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் குடித்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்தேன்.

எல்லா வீட்டிலும் கடைசியில் ஒரே பதில்தான் வந்தது. அந்த அக்கா தன் இளைய பெண்ணை அனுப்பட்டும், அப்புறம் நாங்கள் அனுப்புகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் அனுப்பாமல் நாங்கள் எப்படி அனுப்புவது? அதில் ஒரு நியாயம் இருந்தது. என்னால் மறுக்க முடியவில்லை.

தலைமையாசிரியர் ஒரு காகிதத்தைக் காட்டினார். மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார். இருபது பிள்ளைகளாவது இல்லையென்றால், இரண்டு மைல் தள்ளி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள். பையன்கள் நடந்து போவார்கள். பெண் பிள்ளைகளை ரயில் பாதை தாண்டி யாரும் அனுப்பப் போவதில்லை. பத்தொன்பது பேரின் படிப்பு அத்தோடு நின்றுவிடும். ஒருத்தி போய்விட்டாள், பதினெட்டு என்று நானே திருத்திக்கொண்டேன்.

அன்றுதான் அவரிடம் சொன்னேன். அவளுக்கு ஊசி போடவில்லை, நான் பொய்யாக டிக் போட்டேன் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே சொன்னால் என் வேலை போய்விடும் என்றார். கையெழுத்துப் போட்ட அரசாங்கப் பட்டியலில் பொய் எழுதியது சின்ன விஷயம் இல்லை என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “பேசாம இரும்மா. ஒரு டிக்தானே, அதனால யாரும்...” என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகுதான் அந்த வாசற்படிக்குப் போனேன். உண்மையைச் சொல்லப் போகவில்லை. சொல்லாமலே அந்த அக்காவைச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று போனேன். எவ்வளவு திமிர் என்று இப்போது தெரிகிறது. அவர் கேட்ட கேள்விக்குப் பிறகு இன்னொன்றும் சொன்னார். “ஊசி போட்டு மத்த புள்ளைங்க எல்லாம் காய்ச்சல்ல கெடந்துச்சு. இவளுக்கு ஒன்னுமே வல்ல. எம் புள்ளைக்கு நல்ல ஒடம்புன்னு பெருமையா சொல்லிகினு திரிஞ்சேன் டீச்சர்.”

எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, மாமாவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தெம்பு இல்லை. மாமாவே வந்தார். கொல்லையில் மணிலாக்கொட்டைச் செடிகளின் மேல் என் கைப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். “இன்னா டீச்சர், லீவா, ஒரேடியா வந்தாச்சா?” என்று கேட்டார். கேலிதான், கெட்ட மனிதர் இல்லை. ஒரேடியாக வந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். யாரும் என்னை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் மூடிவிட்டது, பெண் வீட்டுக்கு வந்துவிட்டாள், கல்யாணம். அந்த டிக் ஏதோ ஒரு அலமாரியில் கிடந்து மக்கிப்போயிருக்கும். தெரு மட்டும் என்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கும், ஊசி பிள்ளையைக் கொன்றுவிட்டது என்று. அடுத்த தடவை காலரா வரும்போதும் நம்பும்.

ஹெல்த் இன்ஸ்பெக்டரிடம் ஒரு தடவை, யாரைப் பற்றி என்று சொல்லாமல், கேட்டிருக்கிறேன். ஊசி போட்டிருந்தாலும் ஒரு பிள்ளை பிழைத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, போடாமலே தப்பியவர்களும் இருக்கிறார்கள் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு சில நாள் தூங்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அது பதில் இல்லை.

திங்கட்கிழமை மாலை, மறுபடியும் அதே படியில் போய் நின்றேன். அக்கா உள்ளே கூப்பிடவில்லை. நானே உட்கார்ந்தேன். அவள் பெயரைத் தாண்டிப் படித்ததை, நான் அதைக் கவனித்ததை, சாயங்காலம் டிக் போட்டதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அழக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன். அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும்.

இளைய பெண் உள்ளே எதையோ தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“ஊசின்னா அவளுக்குப் பயம்” என்றார் கடைசியில். “எங்கிட்ட போட்டாச்சும்மான்னு சொன்னா. தோள்பட்டையத் தொட்டா ‘வலிக்குதும்மா’ன்னா.” பிறகு, “நீ பாத்தியா?” என்றார்.

“பாத்தேங்க்கா.”

அவர் கை உயர்ந்தது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கையால் தன் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தெருவில் ஒரு ரிக்‌ஷா போய் முடியும் வரைக்கும் அப்படியே இருந்தார்.

“எங்கிட்ட மட்டும் சொல்லி இன்னா ஆவப்போவுது? ஊரு பூரா ஊசியத்தானே பேசுது.”

“நாளைக்குக் காலைல கெணத்தடியில எல்லாரும் இருக்கும்போது சொல்றேன்.”

“சொல்லிட்டா உனக்கு வேல இருக்குமா?”

“தெரியலக்கா. இருக்காதுன்னுதான் சொல்றாங்க.”

அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். கோபமா, இரக்கமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. “அவசரப்படாத. இன்னொரு தடவ யோசிச்சிப் பாரு” என்றார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் எனக்கு அவகாசம் கொடுத்தார்.

யோசிக்க இடம் வைக்கக் கூடாது என்றுதான், அன்று காலையிலேயே திருப்பாதிரிப்புலியூரில் கல்வி அலுவலகம் திறக்கும் வரை வாசலில் காத்திருந்து, என் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறியிருந்தேன். அதில் அந்தப் பெண்ணின் பெயரை முழுதாக எழுதி, அதற்கு நேராக, ‘ஊசி போடப்படவில்லை’ என்று எழுதியிருந்தேன்.