வக்கீலுக்குப் போட்ட ஓட்டு

முதல் ஜெர்மன் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், திருநெல்வேலியில் எங்கள் தெரு அடங்கிய வார்டுக்கு முனிசிபல் தேர்தல் வந்தது. வீட்டுத்தீர்வை கட்டுகிற ஆண்களுக்கு மட்டும்தான் அப்போது ஓட்டு. எங்கள் வீட்டில் என் கணவருக்கு ஒன்று இருந்தது. அவர் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் குமாஸ்தா. காலையில் சாப்பிட்டுவிட்டு ஆற்றுப்பாலம் வழியாக நடந்து போவார், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவார். அதிர்ந்து பேசமாட்டார். யார் எது கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாது.

அதற்கு முந்திய கோடையில்தான் எங்கள் மகள் வாந்திபேதியில் இறந்தாள். விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவளுக்கு மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. விரல்கள் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தவை போலச் சுருங்கிவிட்டன. கடைசிவரை தண்ணீர் கேட்டாள். கேட்கும்போதெல்லாம் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டாள்.

தெருவில் அன்று ஒரு கதவும் திறக்கவில்லை. என் கணவருடைய சொந்தத் தம்பி இரண்டு வீடு தள்ளி இருந்தார். அவரும் வரவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் வீட்டிலும் குழந்தைகள் இருந்தன. வந்தவர் அண்ணாச்சி ஒருவர்தான். கால்வாய்க் கரையில் இருந்த வண்டிப்பேட்டை அவருடையது. ஏரலிலிருந்து கருப்பட்டியும் அம்பாசமுத்திரத்திலிருந்து நெல்லும் ஏற்றி வரும் வண்டிகள் அங்கேதான் மாடு அவிழ்க்கும். முனிசிபாலிட்டியில் எங்கள் வார்டு மெம்பரும் அவர்தான். செய்தி காதில் விழுந்ததும் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே உள்ளே வந்தார். என்னிடம், “கொடு தாயி” என்று மட்டும் சொன்னார். நான் விடவில்லை. பைய என் கையை விலக்கி, பிள்ளையைத் தன் நெஞ்சோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். குழி வெட்ட வர ஆள் இல்லாததால் அவரும் என் கணவரும் மாறி மாறி வெட்டியதாகப் பிறகு தெரிந்துகொண்டேன்.

துக்கம் கழிந்து கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்த பிறகு, என் கணவர் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரைப் பார்த்துப் பேசினார். நோய் தண்ணீரில் வருகிறது என்று டாக்டர் சொன்னாராம். எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று கேட்டாராம். நாங்கள் எடுப்பது கால்வாய்ப் படித்துறையில். அதற்குச் சற்று மேலே, தண்ணீர் வருகிற திசையில், வண்டிப்பேட்டை. வண்டிக்காரர்கள் காலைக்கடன் கழிப்பதும் கழுவுவதும் அந்தக் கரையில்தான். பேட்டையை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று முனிசிபாலிட்டியில் முன்பே ஒருமுறை பேச்சு வந்ததும், அதைப் பேசி நிறுத்தியவர் அண்ணாச்சிதான் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் மனசறிந்து கெடுதல் செய்கிறவர் இல்லை. ஓடுகிற தண்ணீரில் நோய் தங்காது, காற்றில்தான் வருகிறது என்று அவர் நம்பினார். அவரும் அதே படித்துறையில்தான் குளித்தார்.

அவரை எதிர்த்து அந்த வருஷம் ஒரு வக்கீல் நின்றார். தேரோடும் வீதியில் பெரிய வீடு. நோய் வந்தபோது குடும்பத்தோடு குற்றாலம் போய், மழை விழுந்து எல்லாம் அடங்கிய பிறகு திரும்பியவர். வார்டு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வக்கீல் கட்சிக்காரர்கள் பேட்டையை அகற்றுவோம், குடிதண்ணீருக்குத் தனிக் கிணறு வெட்டுவோம் என்றார்கள். அண்ணாச்சி கட்சிக்காரர்கள், ஆபத்துக்குப் பயந்து ஓடிப்போனவனுக்கா ஓட்டு என்று கேட்டார்கள். இரண்டு கட்சியும் சொன்னது உண்மைதான்.

வக்கீல் எங்கள் வீட்டுக்கும் வந்தார். வாசற்படி ஏறாமல் குடையைப் பிடித்தபடியே நின்று பேசினார். குழந்தைக்கு நேர்ந்தது பெரிய அநியாயம் என்றார். அதே வாரம் கோயில் பக்கத்தில் நடந்த கூட்டத்தில், “இன்ன தெருவில், கோர்ட்டுக் குமாஸ்தா வீட்டில்” என்று அடையாளம் சொல்லி எங்கள் பிள்ளையின் சாவைப் பேசினாராம். என் கணவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று அதைக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“ஏளா, எம் பிள்ளைய வச்சு ஓட்டுக் கேக்குதான் அவன்” என்றார். அவர் ஒருவரை அவன் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அண்ணாச்சி ஓட்டுக் கேட்டு வரவே இல்லை. எங்கள் வீட்டு ஓட்டு தனக்குத்தான் என்று இருந்திருப்பார், அல்லது எங்களிடம் வந்து கேட்கக் கூசியிருப்பார்.

என் கணவர் அண்ணாச்சிக்குத்தான் போடுவதென்று முடிவு செய்துவிட்டார். பெற்ற தகப்பன் கையோடு கை சேர்த்து மண் அள்ளிப் போட்டவரை எப்படி மறப்பது என்றார். நான் அப்போது எங்கள் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வயது முடிந்திருந்தது. நாங்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடித்துவந்தோம். ஆனாலும் அவன் தெருவில் எந்த வீட்டுச் செம்பையும் எடுத்துக் குடித்துவிடுவான். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்ப் பிடுங்குவேன்.

“இவனுக்கும் அப்படி வந்தா அண்ணாச்சி வந்து தூக்கிட்டுப் போவாரு. கண்டிப்பா வருவாரு. அதுக்கா அவருக்கு ஓட்டுப் போடுதீங்க?” என்றேன்.

பேச்சு அத்தோடு நின்றது. தேர்தல் வரைக்கும் வீட்டில் அதைப்பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

ரகசிய ஓட்டு எல்லாம் எங்கள் வார்டில் அப்போது கிடையாது. அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். ஓட்டுக்காரர் முன்னால் போய் யாருக்கு என்று வாயால் சொல்ல வேண்டும். தேர்தலில் நிற்கிறவர்கள் இருவரும் பக்கத்திலேயே நாற்காலியில் இருப்பார்கள். என் கணவர் போய் வக்கீலின் பெயரைச் சொன்னார். சத்தம் எழும்பாததால், காதில் விழவில்லை, உரக்கச் சொல்லும் என்றார் அதிகாரி. மறுபடியும் சொன்னார். அண்ணாச்சி தலையைத் திருப்பவில்லை என்றும், மடியில் இருந்த கைகளைப் பார்த்தபடியே இருந்துவிட்டார் என்றும் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

வக்கீல் கொஞ்ச ஓட்டில் ஜெயித்தார். சாயங்காலம் மேளதாளத்தோடு ஊர்வலம் வந்தது. எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி என் கணவருக்கும் மாலை போடப் பார்த்தார்கள். அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். கோர்ட்டில் வேலை உயர்வுக்காக வக்கீலிடம் விலைபோய்விட்டார் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. அவருடைய தம்பி வீட்டாரும் அதை நம்பினார்கள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி வந்தார். நான் பாய் விரித்தேன். உட்கார்ந்தார். பிறகு என் கணவரைப் பார்த்துச் சொன்னார்:

“ஓட்டுப் போடலங்கிறது எனக்குப் பெருசு இல்ல வே. எம் பேட்டைத் தண்ணிதான் பிள்ளையக் கொன்னுட்டுன்னு நெனச்சியளே, அதை எங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாம்லா?”

என் கணவர் அழுதுவிட்டார். அண்ணாச்சி அவர் தோளைத் தொட்டார், எழுந்தார். அடுக்களை வாசலில் நின்ற என்னைப் பார்த்து, “வாரேன் தாயி” என்றார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் நலம் விசாரிப்பார். முகத்தில் கோபம் இருக்காது. அதைப் பார்க்கத்தான் எங்களால் முடியவில்லை.

வக்கீல் சொன்னபடி பேட்டையை அகற்றினார். அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் வருஷம் அது கால்வாயின் கீழ்ப்பக்கம், ஊர் எல்லையைத் தாண்டி ஒரு மேட்டுக்குப் போனது. எங்கள் படித்துறை சுத்தமாயிற்று. மேட்டை ஒட்டிக் கீழே, கூலி வேலைக்குப் போகிறவர்களின் குடிசைகள் இருந்தன. அவர்கள் குடித்ததும் அதே கால்வாய்த் தண்ணீர்தான். தீர்வை கட்டுகிற வீடு அங்கே ஒன்றுகூட இல்லை. ஆகையால் ஓட்டும் இல்லை. பேட்டை அங்கே வருவதைப்பற்றி யாரும் அவர்களைக் கேட்கவில்லை. எங்கள் தெருவில் நாங்கள் யாரும் யோசிக்கவும் இல்லை.

அடுத்த நோய் அங்கேதான் விழுந்தது. எங்களுக்குக் கீரை கொண்டுவருகிற பெண் அந்தக் குடிசைகளில் ஒன்றில் இருந்தாள். பல நாள் வரவில்லை. பிறகு ஒருநாள் கொல்லைப்பக்கம் வந்து கூடையை இறக்கினாள். தாலி இல்லை. பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன்.

“ஒண்ணு இருக்கு, ஆச்சி” என்றாள்.

மூன்று பேர் என்று எனக்குத் தெரியும். அவளாகச் சொன்னாள், பேட்டை வந்ததிலிருந்து தண்ணீர் நாறுகிறது, ஊருக்குள் வந்து எடுத்தால் விரட்டுகிறார்கள் என்று. பேசிக்கொண்டே கீரைக் கட்டைப் பிரித்து அழுகல் இலைகளைக் கிள்ளிப் போட்டாள். நான் கட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். என் மகன் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

இரவு சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். கையில் எடுத்த உருண்டையை இலையிலேயே வைத்துவிட்டார். மறுநாள் கோர்ட்டுக்குப் போகுமுன் வக்கீல் வீட்டுக்குப் போய், அந்தக் குடிசைகளுக்கு ஒரு கிணறாவது வெட்ட வேண்டும் என்று கேட்டார். அவர் தானாக ஒருவரிடம் போய் ஒன்றைக் கேட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒன்றுக்காகத்தான். பார்க்கலாம் என்றாராம் வக்கீல். அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் என்றாராம். பிறகு இரண்டு முறை போனபோது, ஐயா வேலையாக இருக்கிறார் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அண்ணாச்சிக்குப் பேட்டையில் வருமானம் குறைந்தது. விற்றுவிட்டு மகன் ஊருக்குப் போய்விட்டார். அடுத்த தேர்தலில் வக்கீலை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஓட்டு எடுக்காமலே அவர்தான் மெம்பர் என்று அறிவித்துவிட்டார்கள். அன்றைக்கும் மேளம் வந்தது. எங்கள் தெருவுக்குள் வராமல் தேரோடும் வீதியோடு போய்விட்டது.