ஈரக் கைக்குட்டை கட்டி ஓடியவன்

நெடுந்தூரம் ஓடினால் மனசு லேசாகும் என்று எனக்குச் சொன்னவர் ஒரு வங்கி அதிகாரி. அவர் எத்தனை மூச்சு விட்டார் என்பதைக்கூட அவருடைய கைக்கடிகாரம் சொல்லிவிடும். எனக்கு அந்த வசதி தேவையில்லை. கடிகாரம் இல்லாமலே நாள் முழுக்க என் நெஞ்சு அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பவன் நான்.

தொழில் அப்படி. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கடலூர் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுதுபார்க்க வந்தவன். சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லவேண்டும். வேலை முடிந்து படுத்தால் அந்தக் காது சும்மா இருக்குமா? என் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓர் அடி பிசகினால் போதும், வேர்த்துக் கொட்டிவிடும். இரண்டு தடவை ஆம்புலன்ஸில் ஏறியிருக்கிறேன். சைரனோடு போய், ஒன்றுமில்லை என்று தெரிந்து, டவுன் பஸ்ஸில் திரும்பியிருக்கிறேன். இரண்டாவது தடவை டாக்டர் என்னைப் பார்க்கவேயில்லை. என் மனைவியைப் பார்த்து, "உடம்புல ஒண்ணுமில்லம்மா. ஓடச் சொல்லுங்க" என்றார்.

பஸ்ஸில் மனைவி சொன்னாள்: "இன்னொரு வாட்டி ஆம்புலன்ஸ்ல ஏறுனீங்கன்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நான் வரமாட்டேன். பக்கத்து வூட்டுக்காரங்க மூஞ்சில முழிக்க முடியல."

சிதம்பரத்தில் ஓர் ஓட்டம் வரப்போகிறது என்று வங்கி அதிகாரியின் கூட்டத்தில் சேர்ந்தேன். அவர்கள் ஓடுவதைவிட ஓடப்போவதைப் படம் எடுப்பதற்கு அதிக நேரம் ஆகும். முதல் மாதத்தில் எனக்குக் கிடைத்த பலன், கால் கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்ததுதான். தொடை உரசிப் புண்ணாகி நண்டு மாதிரி நடந்தேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். முட்டி வலிக்கும்போது நெஞ்சு ஞாபகத்துக்கு வருவதில்லை. நாய் துரத்தும்போது முட்டியும் ஞாபகத்துக்கு வருவதில்லை. மனசு லேசாவது என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான் போலிருக்கிறது. ஒரு பயம் எழுந்து இன்னொரு பயத்துக்கு இடம் கொடுக்கிறது.

கூட்டத்தோடு ஈடுகொடுக்க முடியாமல் தனியாக ஓட ஆரம்பித்தேன். முதுநகரிலிருந்து தெற்கே, சிப்காட் ரசாயன ஆலைகள் பக்கம். விடியற்காலையில் அங்கே காற்றில் ஏதோ வாடை இருப்பதாக எனக்குத் தோன்றும். வாடை இருந்ததோ இல்லையோ, பயம் இருந்தது. ஒருநாள் கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினேன். வழியில் நாய் ஒன்று குரைக்க, பெரிய சாலையை விட்டு ஒரு தெருவுக்குள் திரும்பினேன்.

அந்தத் தெருவில் நண்டுசிண்டுக்கும் தெரியும், காஸ் கசிந்தால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடவேண்டும் என்று. குழாயடியில் நின்ற அக்கா ஒருத்தி என்னைப் பார்த்தாள். "அய்யோ, காஸு! எழுந்திருங்க, எழுந்திருங்க!" என்று கத்திக்கொண்டே முந்தானையைக் குடத்தில் முக்கினாள்.

நான் நின்று விளக்கியிருக்கலாம். ஆனால் ஒரு தெருவே மூக்கைக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தால், நிஜமாகவே காஸ்தான் என்றல்லவா தோன்றும்? முன்னைவிட வேகமாக ஓடினேன். கம்பு ஊன்றி நடக்கும் மூட்டுவலிக்காரர் ஒருவர், கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். உப்பனாற்றங்கரையில்தான் எல்லோரும் நின்றோம்.

"எங்க தம்பி லீக்கு?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள் அந்த அக்கா.

"லீக்கு இல்லக்கா. ப்ராக்டீஸு. சிதம்பரத்துல ஓடப்போறேன்."

அக்கா மூக்கிலிருந்து முந்தானையை இறக்கினாள்.

"ஓடறதுக்கு ப்ராக்டீஸா? எங்க தெருவுல வந்து குடியிருய்யா. வாடை வந்தா ஓடணும், வரலன்னா ஏன் வரலன்னு பயப்படணும். வருசம் பூரா ப்ராக்டீஸுதான். மெடல் குடுக்கத்தான் ஆளில்ல."

மூட்டுவலிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "நான் மொதல்ல வந்தத பாத்தியா மச்சான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போதுதான் உறைத்தது. அப்படித் தலைதெறிக்க ஓடியும் என் நெஞ்சு நின்றுவிடவில்லை. ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. நான் அதை நம்பவில்லை. கெடுவதற்கு முன்னால் சில இன்ஜின்கள் அப்படித்தான் அருமையாக ஓடும்.

சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றித் தேரோடும் வீதிகளில் கிளம்பி, ஊருக்கு வெளியே போய்த் திரும்பி, கீழவீதியில் முடிகிற ஓட்டம். கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே கடைசி ஆள் ஆகிவிட்டேன். கடைசி ஆளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் வேகத்துக்கு ஊர்ந்துகொண்டு வந்தது. திரும்பி வந்து தெற்கு வீதியில் நுழைந்தபோது நெஞ்சு ஓர் அடி பிசகியது. அத்தனை வசதியான இடத்தில் எனக்கு அதுவரை நெஞ்சு பிசகியதே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் கதவு.

டிரைவர் தலையை நீட்டினான். "ஏறிக்கிறீங்களாண்ணே? ஏசி ஓடுது."

"வேணாம் தம்பி."

"ரொம்ப வேர்க்குதேண்ணே."

"ஓடுனா வேர்க்காதா?"

சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று விளங்கியது. வேர்த்தாலே செத்தோம் என்று இத்தனை வருஷமும் நினைத்தவன். அந்தப் பதிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

கீழவீதியில் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸைக் கண்டதும், அங்கே காத்திருந்த மனைவியின் முகம் கறுத்தது. அப்புறம் அதற்கு முன்னால் காலை இழுத்துக்கொண்டு வரும் என்னைப் பார்த்தாள்.

"பரவால்ல. இந்த வாட்டி வண்டிக்கு வெளிய வர்றீங்க."

"இவரால எனக்கு டிபன் போச்சுக்கா" என்றான் டிரைவர்.

கடலூர் பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள். வழக்கம்போல நான் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஏதோ ஒன்று சரியில்லைதான். பஸ் இன்ஜினில்.